எந்திரிக்காதீங்க, இன்னும் ஒரு ரீல் இருக்கு

தம்பி,

உன் கோலாலம்பூர் விலாசம் என் கையில் இருக்கிறது. இருந்தும் இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வீட்டு விஷயத்தை அம்மா ஊர் படிக்க எழுதிவிட்டாளே என்று உன் அக்கா ஜித்ராவிலிருந்து சத்தம் போடத்தான் போகிறாள். போடட்டும். எனக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உனக்குத் தெரியாவிட்டால் ஊரிடம் கேட்க வேண்டும். அப்பா படுத்தபடியே ஏதோ சொல்கிறார், எனக்குப் புரியவில்லை. சுங்கை லாலாங் தோட்டத்துத் திடலிலோ மெர்போக் பக்கத்துத் தோட்டங்களிலோ சின்ன வயதில் உட்கார்ந்து கார்ட்டூன் படம் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்து, அப்பா அன்று மைக்கில் சொன்னது நினைவில் இருந்து, எனக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும். நீ அடுத்த மாதம் ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறாய். நீ போய்விட்டால் அப்பா பேச்சைப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் ஆள் இல்லை. உன்னைப் போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது. என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காகப் பழையதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். எழுபதுகளில் மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்துத் திடலுக்குப் படவண்டி வரும். வெள்ளைத் துணியைக் கட்டி முதலில் கொசுவை ஒழிப்பது எப்படி என்று ஒரு படம் காட்டுவார்கள். கடைசியில் பெரிய படம். நடுவில் பிள்ளைகளுக்காக ஒரு கார்ட்டூன். அதில் பேச்செல்லாம் இங்கிலீஷ், தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. பிள்ளைகள் சிணுங்கும், பெரியவர்கள் வெற்றிலையை எடுத்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா எழுந்து போனார். ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுத்துவிட்டு வந்த அதே நாற்றச் சட்டை. வண்டிக்காரரிடம் என்ன சொன்னாரோ, மைக் கைக்கு வந்துவிட்டது. அவருக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமா என்ன? துணியில் ஒரு கரடி, தேனீக்கள் வைத்திருந்த பானைக்குள் எட்டிப் பார்த்தது. அப்பா மைக்கில் சொன்னார், "கரடி மண்டோர் வந்துட்டாரு, பானைய மூடுங்க!" நிஜ மண்டோர் சின்னக்கண்ணு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் எங்கள் வாளிகளை எட்டிப் பார்த்து, பால் குறைகிறது என்று திட்டுகிறவர். திடல் மூச்சை அடக்கிக்கொண்டது. நல்லவேளை, மனிதர் சிரித்துவிட்டார். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அப்பா இல்லாமல் எங்கள் திடலில் கார்ட்டூன் ஓடியதே இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் படம் போட்டாலும் லாரி வந்து கூட்டிக்கொண்டு போகும்.

படத்துக்கும் அவர் சொன்ன கதைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குஞ்சைத் தொலைத்த வாத்து ஏதோ கத்தும். அப்பா உடனே தமிழ்ப் படத்தில் பிரிந்த குடும்பம் பாட்டுப் பாடிச் சேருமே, அந்த மாதிரி ஒரு பாட்டை அவரே கட்டி வாத்துக்குப் பாடுவார். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். வாத்துக்காகத்தான்! போன மாதம் ஒரு படத்தில் அடி வாங்கிய ஓநாயும் இந்த மாதம் வேறு படத்தில் வருகிற ஓநாயும் அவருக்கு ஒரே ஓநாய்தான். "போன மாசம் வாங்கினது போதாதாடா உனக்கு" என்று ஆரம்பிப்பார். சின்ராணி என்று அவரே பேர் வைத்த பெண்ணைக் கொடுமைப்படுத்துகிற சிற்றன்னைக்குத் தமிழ்ப்பட மாமியார் குரல். துணியில் மாடு ஒன்று வந்தால், "அந்தோணி, ஒம்மாடு என் படத்துக்குள்ள வந்துருச்சு, புடிச்சிக்கிட்டுப் போ" என்பார். பின்னால் நின்ற அந்தோணி அண்ணன் நிஜமாகவே தன் மாட்டைத் திரும்பிப் பார்ப்பார். பாதியில் ரீல் மாற்றும்போது துணி வெறும் வெள்ளையாகிவிடும், சனம் எழுந்து மண்ணைத் தட்டும். அப்போது அப்பா, "எந்திரிக்காதீங்க, இன்னும் ஒரு ரீல் இருக்கு" என்பார். சில நாள் இருக்காது. இருந்தாலும் அதைச் சொல்வார், சனமும் உட்காரும். நான் மட்டும் உட்கார்ந்ததில்லை. ரீல் மாற்றுகிற நேரம்தானே எனக்கு வியாபாரம். உன் அக்கா கையில் காகிதச் சுருள், என் இடுப்பில் அவித்த கடலைச் சட்டி. அவர் சொன்னதில் பாதி என் காதில் விழுந்ததில்லை, விழுந்தது மனதில் நின்றதில்லை. நீதான் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாய். மறுநாள் லயத்து வாசலில் அத்தனையையும் திருப்பிச் சொல்வாய், கரியால் சிமெண்டுத் தரையில் ஓநாயும் கரடியும் வரைவாய். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன்.

கழுவக் கழுவ வரைந்தவன் கோலாலம்பூரில் கார்ட்டூன் செய்கிற கம்பெனியில் போய்ச் சேர்ந்தாய். முதல் லீவில் வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்கு வகுப்பு எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? இப்போது வெளிநாட்டில் வருகிற குடும்பக் கார்ட்டூன்களில் ஒரு கதைக்குள் இன்னொரு கதையை நுழைப்பார்களாம், பழைய கதையைக் கிண்டல் பண்ணுவார்களாம், ஓநாய்க்கே தான் படத்தில் இருப்பது தெரியுமாம், திரும்பிப் பார்த்து நம்மிடம் பேசுமாம். பிள்ளைகள் ஒன்றுக்குச் சிரித்தால் பக்கத்திலிருக்கிற பெரியவர்கள் வேறு ஒன்றுக்குச் சிரிப்பார்களாம். அதற்கு ஒரு பேர் சொன்னாய். என் காதில் போஸ்ட்மாடன் என்று விழுந்தது. சுடலைமாடன் தெரியும், இது எந்த ஊர் மாடன், கிடா வெட்டுவார்களா என்று கேட்டேன். உனக்குப் புரையேறிவிட்டது. அப்பா உன் தலையைத் தட்டிக்கொண்டே, இதை நான் சுங்கை லாலாங்கில் பேரு வைக்காமலே செய்துகொண்டிருந்தேனே என்றார். நீ சிரிக்கவில்லை. "ஆமாப்பா, அதச் சொல்லித்தான் எனக்கு வேலையே கெடச்சுச்சு லா" என்றாய். அதற்கப்புறம் சொன்னாய், எந்தக் கதையும் சொந்தக் கதை இல்லை, எல்லாம் இன்னொரு கதையிலிருந்து வந்தது, நாம் பேசுகிற பேச்சுகூட யாரோ முன்னால் பேசியதுதான், சொந்த வார்த்தை என்று யாருக்கும் கிடையாது என்று. படித்தவன் சொல்கிறான் என்று தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றினேன். அந்தப் பேச்சு ஒரு நாள் என் வீட்டுக் கட்டிலில் வந்து படுக்கும் என்று அன்றைக்கு யார் கண்டது?

உன் முதல் கார்ட்டூன் டிவியில் வந்த அன்று அந்தோணி அண்ணன் வீட்டுக் கலர் டிவி முன்னால் லயமே கூடிவிட்டது. ரப்பர் தோட்டத்து அணில் ஒன்று, வால் நுனியில் வாளி மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவியது. பேச்சு மலாயில். நடுவில் படம் அறுந்த மாதிரி திரை வெள்ளையானது. அணில் அந்த வெள்ளைக்குள் தலையை நீட்டி எங்களைப் பார்த்து, யாரும் எழுந்திருக்காதீர்கள், இன்னும் ஒரு ரீல் இருக்கிறது என்றது. நாங்கள் கைதட்டிய தட்டில் அந்தோணி அண்ணன் வீட்டுப் பூனை ஓடிவிட்டது. எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மெல்ல சொன்னார், "என் வரி டிவியில தனியா பேசுது பாத்தியா? நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ நான் செத்துப்போன மாதிரியும் இருக்கு." உனக்கு இதை இத்தனை நாள் சொல்லவில்லை. சொன்னால் நீ அடுத்த படத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய் என்று பயம். அவருக்கு வருத்தமா பெருமையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மூச்சில்தான் வந்தது.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் அவர் விழுந்தார். வலது பக்கம் கையும் காலும் போயின, வாய் கோணியது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடைபட்டுவிட்டது, நினைத்ததை வார்த்தையாக்க அவரால் முடியாது, ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்த வரிகள் சில பேருக்கு அப்படியே முழுசாக வரும், பாட்டு வரும், சாமி மந்திரம் வரும் என்றாள். அப்பாவுக்கு மந்திரமா தெரியும்? வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பசியாறக் கொடுக்கலாம் என்று கிட்டே போனேன். கண்ணை அகல விரித்து, தெளிவாக, அந்த மைக் குரலிலேயே, "கரடி மண்டோர் வந்துட்டாரு, பானைய மூடுங்க" என்றார். நான் ஓடிப்போய் அடுப்படியில் இருந்த பானையெல்லாம் மூடினேன். சிரிக்காதே. வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? திரும்பி வந்தால் மறுபடியும் அதையே சொல்கிறார், கண்ணில் தண்ணீர். மூடிவிட்டேன், மூடிவிட்டேன் என்று நானும் அழுதேன். தண்ணீர் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, என் பேரைச் சொல்ல வரவில்லை, கரடியும் ஓநாயும் மட்டும் தடுக்காமல் வருகின்றன. ஒரு எழுத்துக்கூட மாறுவதில்லை. ஓநாயைத் திட்டுவதைத் தவிர அத்தனையிலும் 'ங்க' வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை வா, போ என்று பேசிய மனிதர், இப்போதுதான் மூடுங்க, பாருங்க என்று மரியாதை கொடுக்கிறார். அவருக்கு இப்போது நான் ஒருத்திதான் திடல்.

நீ லீவு போட்டு வந்தாய். நீ வந்த அந்த நாலு நாள் இந்த வீட்டில் வெளிச்சம் இருந்தது. கரடி வரியைக் கேட்டவுடன் நீ முதலில் சிரித்தாய், அப்புறம் கட்டிலுக்குக் கிட்டே போய் உட்கார்ந்து யோசித்தாய். கரடி எட்டிப் பார்க்கும்போது தேனீக்கள் பானையை மூடிக்கொண்டு ஒளியும், அதுதானேம்மா கதை என்றாய். அவர் இதை எப்போது சொல்கிறார் என்று கேட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சன்னல் வழியே யாராவது நலம் விசாரிக்க எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். முதல் தடவை சொன்ன அன்று காலையில் பார்க்க வந்தது ரிட்டையர் ஆன சின்னக்கண்ணு மண்டோரேதான். கோணிய வாயை ஊர் பார்ப்பது அவருக்கு வெட்கம். நீ எழுந்து சன்னலைச் சாத்தினாய். அவர் நெஞ்சு இறங்கி ஒரு மூச்சு விட்டார். எத்தனை நாளாக அந்த மனிதர் சன்னலைச் சாத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார், நான் பானையை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்! அதேபோல "வாத்துக்குஞ்சுக்குத் தண்ணியக் கண்டா பயங்க" என்றால் இன்றைக்குக் குளிப்பாட்ட வேண்டாம். ஓநாயைத் திட்டினால் கால் குடைகிறது. நீ இருந்தவரை அவர் பேசினார், நீ எனக்குத் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னாய். நீ பஸ் ஏறியதும் வீடு பழையபடி ஊமையாகிவிட்டது.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஜப்பான் கம்பெனி உன்னை எடுத்துக்கொண்டது, வருஷக்கணக்கில் அங்கே இருக்க வேண்டிவரும் என்று நீ எழுதியிருந்ததை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் புதிதாக ஒன்று சொன்னார். "செவப்புத் தொப்பிக்காரன் பாலத்த இழுத்துட்டான்ங்க." அதற்கு முன்னால் அதை நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அதுதான், சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். அந்தோணி அண்ணன் வீட்டுப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் படம் போட்டபோது நான் அலோர் ஸ்டார் ஹாஸ்டலுக்குப் போயிட்டேன் போல, எனக்குத் தெரியலம்மா என்றாய். உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. அதனால்தான் ஊரிடம் கேட்கிறேன். அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் யார்? பாலத்தை இழுத்த பிறகு அந்தப் பக்கம் போனவன் திரும்பி வந்தானா? அல்லது நான் நினைப்பது தவறாக இருந்து, அவருக்கு வேறு எங்கோ வலிக்கிறதா? உன் பயணத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஆனால் கரடி விஷயத்திலும் எனக்கு இப்படித்தான் பட்டது, பானையை மூடினேன். என் யூகத்தை நம்பி உன்னை நிறுத்தவும் முடியவில்லை, போய் வா என்று நிம்மதியாக அனுப்பவும் முடியவில்லை.

உன் போஸ்ட்மாடனிடம் கேட்டுச் சொல், தம்பி. யாருக்கும் சொந்த வார்த்தை கிடையாது என்றாயே, சரி. அதைச் சிரித்துச் சிரித்துக் கேட்கத் திடல் நிறைய ஆள் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லாத மனிதர் அதே இரவல் வரியை வைத்துப் பசி, வெட்கம், வலி எல்லாம் சொல்லும்போது அது யாருடைய வார்த்தை? கதை தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்தில் இருந்தால்தானே அதற்கு அர்த்தம்? நீ ஜப்பானில் போய்ச் செய், நிறையச் செய். ஓநாய் திரும்பிப் பார்த்துப் பேசட்டும், அணில் எந்த ரீலுக்குள்ளும் நுழையட்டும். எனக்குச் சொல்ல இரண்டே புத்தி உண்டு. நீ கதையில் வைக்கிற கிண்டலைப் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் விளக்கிச் சொல்லிவிடு, அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிடாதே. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். நீ வேலையாக இருக்கும்போது அவளும் ஏதாவது ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டேதான் இருப்பாள். உன் படம் ஓடும்போதாவது அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அவருக்கு மைக், எனக்குக் கடலை, அதிலேயே காலம் ஓடிவிட்டது.

கடைசியாக நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். தொப்பிக்காரன் பேச்சு வரவில்லை, எதிரே இருந்த சுண்ணாம்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் காலியானதும் கழுவிப் போடலாம் என்று எழுந்தேன். நல்ல கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். எனக்குத் தெரிந்த வரிதான், தோட்டம் முழுக்கத் தெரிந்த வரிதான், டிவியில் அணில் சொன்ன வரிதான். "எந்திரிக்காத. இன்னும் ஒரு ரீல் இருக்கு." எந்திரிக்காத. தம்பி, அதில் 'ங்க' இல்லை. விழுந்த நாளிலிருந்து ஒரு எழுத்தும் மாற்றாமல் திடலிடம் பேசிக்கொண்டிருந்தவர், நேற்று அந்த 'ங்க'வை விட்டுவிட்டார். திடலுக்குச் சொல்லவில்லை. பழையபடி என்னைச் சொன்னார். நாக்கு சோர்ந்து அந்தக் கடைசித் துண்டு விழுந்துவிட்டதாகவும் இருக்கலாம். டாக்டரம்மாவைக் கேட்டால் அப்படித்தான் சொல்வாள், நீகூட அப்படி நினைக்கலாம். எனக்கு எது உண்மை என்று தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சுவரில் ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விமானம் ஏறுமுன் ஒரு நாள் வந்துவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறாய். வா. சாயங்காலமாக வா. முன்பெல்லாம் உன் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவேன். இந்தத் தடவை வெளியே நின்று கூப்பிடாதே, கதவு திறந்துதான் இருக்கும், நேரே உள்ளே வா. நான் எழுந்து வரமாட்டேன்.

உன் அம்மா